4 டிகிரியில் ஒரு சுண்டெலி: குளிரில் கல்லீரல் பார்க்கும் வேலை

25 கிராம் எடையுள்ள ஒரு சுண்டெலியைத் தனிக்கூண்டில் போட்டு, தீனியை எடுத்துவிட்டு, 4 டிகிரி செல்சியஸில் இருக்கும் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் முதல் பத்து நிமிடம் அது சும்மா இருக்காது. மூலைக்கு மூலை ஓடும், கம்பியைக் கடிக்கும், எழுந்து நின்று மூடியை முகர்ந்து பார்க்கும். அப்புறம் மெல்ல ஒரு மூலையில் ஒடுங்கி, வாலை வயிற்றுக்கு அடியில் இழுத்துக்கொண்டு, முதுகு மயிரெல்லாம் சிலிர்க்கப் பஞ்சு உருண்டையாக உட்கார்ந்துவிடும். மணிக்கொரு தடவை உள்ளே போய், வாலைத் தூக்கி, வாசலின் தடவிய மெல்லிய வெப்பமானிக் குச்சியை மலக்குடலில் செருகி உடல் வெப்பத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நம் விரல்தான் முதலில் மரத்துப்போகும். நல்ல இளம் எலியாக இருந்தால் 37-ல் இருந்து ஒன்றிரண்டு டிகிரி இறங்கும், அங்கேயே நின்றுவிடும்.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பதைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு, எடைக்குத் தோல் பரப்பு அதிகம், வெப்பம் நாலாபுறமும் ஓடிக்கொண்டே இருக்கும், வெளியே இருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் 30 டிகிரிக்கு மேல் வித்தியாசம், சாப்பாடும் கிடையாது. அப்படியானால் எரிப்பதற்கு எண்ணெய் எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்விக்குப் பாடப்புத்தகம் சொல்லும் பதில் ஒரே வார்த்தை: பழுப்புக் கொழுப்பு. எலியைக் குப்புறப் போட்டுத் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலை விலக்கினால், மேலே மெல்லிய வெள்ளைக் கொழுப்பு, அதற்கு அடியில் வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்த வடிவத்தில் டீத்தூள் நிறத்தில் இரண்டு மடல்கள். இரண்டையும் சேர்த்து நிறுத்தாலும் சுமார் பத்தில் ஒரு பங்கு கிராம்தான் வரும். அந்த நிறம் அதற்குள் நெருக்கியடித்து நிற்கும் மைட்டோகாண்ட்ரியாக்களால், அதாவது செல்லின் சக்தி உலைகளால் வருவது. அவற்றின் உள்சவ்வில் யு.சி.பி-1 என்றொரு புரதம் இருக்கிறது. சாதாரண செல்லில் கொழுப்பை எரித்து வரும் சக்தி ஏ.டி.பி. என்ற மூலக்கூறாகச் சேமிக்கப்படும். இங்கே அந்தப் புரதம் ஓட்டை போட்டுவிடுவதால் சக்தி முழுக்க வெப்பமாகவே போய்விடுகிறது. 1978-79-ல் கனடாவின் ஒட்டாவாவில் ஃபாஸ்டரும் ஃப்ரைட்மேனும் பெரிய எலிகளின் இரத்தத்தில் நுண்ணிய உருண்டைகளை விட்டு, இரத்தம் எந்த உறுப்புக்கு எவ்வளவு போகிறது என்று அளந்து, நடுங்காமல் உண்டாகும் வெப்பத்தின் தலைமை இடம் இந்தத் துக்கடாச் சதைதான் என்று காட்டினார்கள். அதுவரைக்கும் பலரும் தசையைத்தான் சந்தேகித்துக்கொண்டிருந்தார்கள்.

அதெல்லாம் உண்மைதான். ஆனால் அடுப்பைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் விறகு யார் கொண்டுவந்து போடுகிறார்கள் என்ற கேள்வியை ரொம்ப நாள் யாரும் அழுத்திக் கேட்கவில்லை. பத்தில் ஒரு பங்கு கிராம் சதை தன் கையிருப்பை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் எரிய முடியும்? வெளியிலிருந்து வந்தாக வேண்டும். வருகிற வழியில் ஒரு கிராமுக்கு மேல் எடையோடு கல்லீரல் உட்கார்ந்திருக்கிறது. இந்த எழுத்து முழுக்க அந்தக் கல்லீரலைப் பற்றித்தான். அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் நிகழ்வு, அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் கிளாடியோ வில்லனுவேவாவின் ஆய்வுக்கூடத்திலிருந்து ஜூடித் சிம்காக்ஸ் முதல் பெயராக 2017-ல் செல் மெட்டபாலிசம் இதழில் வந்த ஆய்வு.

யூட்டாவில் செய்தது

அவர்கள் தொடங்கிய விதம் எனக்குப் பிடித்தது. முன்கூட்டியே ஒரு மூலக்கூறைத் தேர்ந்துகொண்டு அதைத் துரத்தவில்லை. குளிரில் வைத்த எலியின் இரத்தத்தையும் வைக்காத எலியின் இரத்தத்தையும் எடுத்து, நிறமாலை நிறை அளவியில் விட்டு, கொழுப்பு வகையைச் சேர்ந்த எல்லாவற்றையும் வலைவீசிப் பிடித்து, எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று பார்த்தார்கள். குளிரில் கூடுதலாக வந்து நின்றவற்றில் ஒரு கூட்டம் அசைல்கார்னிட்டைன்கள்.

இந்தப் பெயர் குழந்தை மருத்துவர்களுக்குப் புதிதல்ல. பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பரிசோதிக்கும் போது பார்க்கப்படுவது இதே குடும்பம்தான். அங்கே இது கூடியிருந்தால் நோயின் அறிகுறி, கொழுப்பை எரிக்கும் வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். யூட்டா எலிகளோ நல்ல ஆரோக்கியமான எலிகள். அவற்றில் எதற்கு இது கூடவேண்டும்?

கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம், வேதியியல் பிடிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ளவும். நீண்ட சங்கிலியுள்ள கொழுப்பு அமிலம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தானாகப் போக முடியாது. வெளிச்சவ்வில் சி.பி.டி-1 என்ற நொதி உட்கார்ந்திருக்கிறது. அது கொழுப்பு அமிலத்தைக் கார்னிட்டைன் என்ற சின்ன மூலக்கூறின் முதுகில் ஏற்றிவிடும். அப்படி ஏறியதற்குப் பெயர்தான் அசைல்கார்னிட்டைன். உள்ளே போனதும் சி.பி.டி-2 அதை இறக்கிவிட்டுக் கார்னிட்டைனைத் திருப்பி அனுப்பும். ஆற்றைக் கடக்கப் பரிசல் ஏறுவது போலத்தான், அக்கரை போனதும் இறங்கிவிட வேண்டும். இதுவரை நாம் படித்தது இவ்வளவுதான். குளிரில் நடப்பதாக யூட்டாக்காரர்கள் சொன்னது, கல்லீரல் ஆளைப் பரிசலில் ஏற்றி அக்கரைக்கு விடாமல், பரிசலோடு இரத்தத்தில் இறக்கிவிடுகிறது என்பது. அந்தப் பரிசல் நேராகப் பழுப்புக் கொழுப்பின் கரையில் போய் நிற்கிறது. அங்கே ஏற்றும் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்ட சரக்கு, இறக்கி எரிக்க வேண்டியதுதான் பாக்கி. இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. குளிர் சமயத்தில் இந்தச் சரக்கை வெள்ளைக் கொழுப்பும் கல்லீரலும் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்வது தடுக்கப்பட்டுவிடுகிறது. வேறு வாடிக்கையாளர்களுக்குக் கடை மூடியாகிவிட்டது.

சரி, கல்லீரலுக்கு இந்தக் கொழுப்பு அமிலம் எங்கிருந்து கிடைத்தது? இங்கேதான் சங்கிலியின் முதல் கண்ணி. தோலில் உள்ள குளிர் உணரிகள் மூளையின் ஹைப்போதலாமஸுக்குச் செய்தி அனுப்ப, அங்கிருந்து பரிவு நரம்புகள் வழியாக நார்அட்ரினலின் என்ற நரம்பு ரசாயனம் வெள்ளைக் கொழுப்பில் கொட்டுகிறது. அங்கே ட்ரைகிளிசரைடு என்ற வடிவில் சேமித்து வைத்த கொழுப்பை ஏ.டி.ஜி.எல். என்ற நொதி முதலில் வெட்ட, அதற்குப் பின்னால் மற்ற நொதிகள் வெட்ட, கொழுப்பு அமிலங்கள் விடுபட்டு, அல்புமின் புரதத்தில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தில் வருகின்றன. வெள்ளைக் கொழுப்பில் இந்த வெட்டும் வேலை நடக்காவிட்டால் கல்லீரலில் அசைல்கார்னிட்டைன் உற்பத்தியும் படுத்துவிடும்.

வந்து சேர்ந்த கொழுப்பு அமிலம் கல்லீரலில் சரக்காக மட்டும் இல்லை, சரக்கோடு வந்த கடிதமாகவும் இருக்கிறது. செல்லின் உட்கருவில் எச்.என்.எஃப்-4 ஆல்ஃபா என்றொரு ஏற்பி இருக்கிறது. மனிதர்களில் இதன் மரபணு கெட்டால் இளவயதிலேயே ஒரு வகைப் பரம்பரை நீரிழிவு வரும், அதனால் இதன் பெயர் நீரிழிவுக்காரர்களுக்குப் பழக்கம். கொழுப்பு அமிலங்கள் வந்ததும் இது விழித்துக்கொண்டு, கார்னிட்டைனில் ஏற்றும் வேலைக்குத் தேவையான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. கல்லீரலில் இந்த ஏற்பி இல்லாமல் செய்த எலிகளைக் குளிரில் வைத்தால், பழுப்புக் கொழுப்பு கெடாமல் அப்படியே இருந்தும், உடல் வெப்பத்தைத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அடுப்பு நன்றாகத்தான் இருக்கிறது, விறகுக் கடைதான் மூடிக் கிடக்கிறது. எனக்கு இந்த ஆய்வில் மிக வலுவான துண்டு இதுதான்.

அப்புறம் கிழட்டு எலிகள். வயதான எலி குளிரில் சீக்கிரம் விழுந்துவிடும் என்பது அனிமல் ஹவுஸில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். இளம் எலி 35-ல் நிற்கும் நேரத்தில் கிழட்டு எலி வழுக்கிக்கொண்டே போகும், நாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்போம். பழுப்புக் கொழுப்பு வயதோடு சுருங்கிவிடுகிறது, அதனால்தான் இப்படி என்று எல்லோரும் காரணமும் சொல்லி வைத்திருந்தோம். இந்தக் குழு வயதான எலிகளுக்கு ஒரே ஒரு தடவை எல்-கார்னிட்டைன் கொடுத்தது, அல்லது கொழுப்பு அமிலம் ஏற்றப்பட்ட பால்மிட்டாயில்கார்னிட்டைனையே கொடுத்தது. இரண்டிலும் எலிகள் குளிரைத் தாங்கின. சுருங்கிய அடுப்பு என்று நாம் நினைத்தது, ஓரளவுக்காவது, பட்டினி கிடந்த அடுப்பாக இருந்திருக்கிறது.

இங்கே ஒரு சங்கடமான கணக்கையும் சொல்லியாக வேண்டும். இரத்தத்தில் சாதாரணக் கொழுப்பு அமிலத்தின் அளவோடு ஒப்பிட்டால் நீண்ட சங்கிலி அசைல்கார்னிட்டைன்களின் அளவு மிகக் கொஞ்சம், நூற்றுக்கணக்கில் ஒரு பங்கு என்ற வரிசையில் வரும். அளவு குறைவாக இருந்தாலும் வேகமாகப் புரண்டால் எரிபொருளாக முக்கியமாக இருக்கலாம், ஆற்றில் ஒரு நேரத்தில் மிதக்கும் பரிசல்களை எண்ணி ஒரு நாளில் கடந்தவர்கள் எத்தனை பேர் என்று சொல்ல முடியாது. அதே காரணத்தால், அளவு கூடியது என்பதை மட்டும் வைத்து இதுதான் பிரதான விறகு என்றும் சொல்லிவிட முடியாது. என் கணிப்பு, இது கல்லீரல் அனுப்பும் பல வண்டிகளில் ஒன்று. குளுக்கோஸ் ஒரு வண்டி, வி.எல்.டி.எல். என்ற கொழுப்புத் துகள் ஒரு வண்டி, கீட்டோன் ஒரு வண்டி, அந்த வரிசையில் யாரும் எதிர்பாராமல் இதுவும் வந்து நிற்கிறது. வண்டி மட்டுமா, கல்லீரல் தந்தியும் அடிக்கிறது. திடீர்க் குளிரில் கல்லீரலிலிருந்து கிளம்பும் எஃப்.ஜி.எஃப்-21 என்ற ஹார்மோன் இல்லாத எலிகள் உடல் வெப்பத்தைச் சரியாகக் காப்பாற்றுவதில்லை என்று 2019-ல் வேறொரு குழு காட்டியது.

தீனி இருந்தால் கதை வேறு

நான் மேலே முதல் வரியிலேயே தீனியை எடுத்துவிட்டு என்று எழுதினேன். அந்த இரண்டு வார்த்தையை வாசகர்கள் தாண்டிப் போயிருப்பீர்கள், ஆராய்ச்சியாளர்களும் பல வருடம் தாண்டித்தான் போனார்கள்.

ஆஸ்திரியாவின் கிராட்ஸில் ருடால்ஃப் செக்னரின் குழு 2006-ல் உடம்பு முழுக்க ஏ.டி.ஜி.எல். இல்லாத எலிகளைப் பற்றி எழுதியது. அவை குளிரில் தாங்கவில்லை. உடனே எல்லோரும் எடுத்துக்கொண்ட பொருள், பழுப்புக் கொழுப்பு தன் சொந்தத் துளிகளை வெட்டி எரிக்க முடியாமல் போனதால்தான் இப்படி என்பது. அழகான விளக்கம். 2017-ல் அது இரண்டு பக்கத்திலிருந்தும் உடைந்தது. பழுப்புக் கொழுப்பில் மட்டும் ஏ.டி.ஜி.எல்.லை நீக்கிப் பார்த்தால் எலிகள் குளிரைச் சாதாரணமாகத் தாங்கின. முன்பு அந்த எலிகள் குளிரில் தாங்காமல் போனதற்கு இதயத் தசையில் அந்த நொதி இல்லாததுதான் காரணம் என்று கிராட்ஸ் குழுவே காட்டியது, அதாவது குளிரில் அடுப்பு அணையவில்லை, பம்பு நின்றுவிட்டது. அதே வருடம் அமெரிக்காவில் லீச்சிங் யூவின் குழு, ஏ.டி.ஜி.எல்.லுக்குத் துணையாக நிற்கும் சி.ஜி.ஐ-58 என்ற புரதத்தைப் பழுப்பில் மட்டும் நீக்கியது. ஒன்றும் ஆகவில்லை. பழுப்பு, வெள்ளை இரண்டிலும் சேர்த்து நீக்கினால் எலி குளிரில் விழுந்தது, ஆனால் பட்டினி போட்டால் மட்டும். கூண்டில் தீனி இருந்தால் அதே எலி ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

ஆக, பட்டினி எலிக்கு வெள்ளைக் கொழுப்பிலிருந்து கல்லீரல் வழியாக வரும் வரத்து உயிர் நாடி. தின்னும் எலிக்குக் குடலிலிருந்து வருவதே போதும். குளிரில் கல்லீரல் கொழுப்பு இப்படி மாறுகிறது என்று யாராவது சொன்னால், எலி அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்ததா என்று கேட்காமல் அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை.

இதே விஷயத்தை வேறு வாசலிலிருந்து காட்டும் பழைய எலி ஒன்று உண்டு. 1980-களின் கடைசியில் ஜப்பானில் ஒரு எலிக் குடும்பத்தில் தற்செயலாக, குட்டிப் பருவத்திலேயே கல்லீரல் வெளுத்து வீங்கிக் கொழுப்பு நிரம்பிய குட்டிகள் வந்தன. பின்னால் தெரிந்த காரணம், கார்னிட்டைனைச் செல்லுக்குள் இழுக்கும் வாசலில் கோளாறு. சிறுநீரகம் அதைப் பிடித்துவைக்க முடியாமல் சிறுநீரில் விட்டுவிடுகிறது. பரிசலே இல்லாத ஆற்றங்கரையில் கூட்டம் சேர்ந்துகொண்டே போவது போலக் கல்லீரலில் கொழுப்பு தேங்கியது. வெளியிலிருந்து கார்னிட்டைன் கொடுத்ததும் குட்டிகள் தேறின. 1998-ல் வேறொரு அமெரிக்கக் குழு, கொழுப்பை எரிக்கும் வழியின் நொதிகள் பிறவியிலேயே குறையான எலிகளைக் குளிரில் வைத்தது. அவற்றின் உடல் வெப்பம் சரிந்தது. கொழுப்பைத் தேக்கிய கல்லீரலும் குளிரைத் தாங்காத உடம்பும் ஒரே வழியில் விழுந்த அடைப்பின் இரண்டு முனைகள்.

சரி, கல்லீரலில் ஏற்கெனவே படிந்த கொழுப்பு?

எல்லோரும் தெரிந்துகொள்ள விரும்புவது இதைத்தான் என்று எனக்குத் தெரியும். ஐஸ் தண்ணீரில் உட்கார்ந்தால் ஃபேட்டி லிவர் கரையும் என்று நம்பிக்கையோடு சொல்கிற வீடியோக்கள் எனக்கும் வருகின்றன.

சில மணி நேரக் கணக்கில் பார்த்தால் பதில் கொஞ்சம் எரிச்சலூட்டும். வெள்ளைக் கொழுப்பிலிருந்து வெள்ளம் வரும்போது கல்லீரல் வாங்கும் அளவு, எரிக்கும் அளவையும் அனுப்பும் அளவையும் தாண்டினால், மிச்சம் துளிகளாகத் தங்கும். ஒரு ராத்திரி பட்டினி போட்ட எலியின் வயிற்றைத் திறந்தால் கல்லீரல் கருஞ்சிவப்பாக இருக்காது, சற்று வெளிறி மங்கலாக இருக்கும், கண்ணாலேயே தெரியும். பட்டினியில் கல்லீரல் மெலியும் என்று நினைப்பவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். அது நோயில்லை, கிடங்குக்கு வந்த மூட்டைகள் அடுத்த வண்டிக்காகக் காத்திருக்கின்றன, அவ்வளவுதான். பட்டினியோடு குளிரும் சேர்ந்தால் மூட்டைகள் வரும் வேகமும் கூடும், போகும் வேகமும் கூடும். எந்த நேரத்தில் திறந்து பார்த்தோம் என்பதைப் பொறுத்து, குளிர் கல்லீரல் கொழுப்பைக் கூட்டியது என்றும் எழுதலாம், குறைத்தது என்றும் எழுதலாம், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

நாள் கணக்கில் போனால் வேறு வழிகள் திறக்கின்றன. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் யோர்க் ஹீரனின் குழு 2011-ல் காட்டியது, குளிரில் பழுப்புக் கொழுப்பு இரத்தத்தில் ஓடும் ட்ரைகிளிசரைடுத் துகள்களை உறிஞ்சி எடுக்கிறது, பிறவியிலேயே ட்ரைகிளிசரைடு ஏறிய எலிகளில்கூடச் சில மணி நேரத்தில் அளவு இறங்குகிறது. பழுப்புக் கொழுப்பு துகளின் சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்பும். அந்தக் கொட்டை, கொலஸ்ட்ரால் நிறைந்த எச்சத் துகள், கல்லீரலுக்கு வருகிறது. கல்லீரல் அதை என்ன செய்கிறது? 2017-ல் அதே குழு சொன்ன பதில், கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றுகிறது, அதுவும் வழக்கமான பாதையில் இல்லாமல் சி.ஒய்.பி-7பி1 என்ற நொதி வழியாகப் போகும் மாற்றுப் பாதையில். பித்த அமிலம் குடலில் இறங்கி, மலத்தில் கூடுதலாக வெளியேறி, போகிற போக்கில் குடல் பாக்டீரியாக்களின் கூட்டத்தையே மாற்றிவிடுகிறது. அந்த நொதி இல்லாத எலிகளில் மலத்தில் பித்த அமிலமும் குறைவு, வெப்பம் உண்டாக்கும் திறனும் குறைவு. குளிரறையில் ஒரு எலி நடுங்குவதற்கும் அதன் புழுக்கையில் என்ன இருக்கிறது என்பதற்கும் இடையில் கல்லீரல் வழியாக ஒரு நேர்கோடு ஓடுகிறது என்பதை நான் முதலில் படித்தபோது இரண்டு தடவை திரும்பப் படித்தேன்.

இதில் கல்லீரல் கெட்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் விடை இருக்கிறது, அதை யாரும் வீடியோவில் சொல்வதில்லை. ஸ்வீடனில் யிஹாய் சாவோவின் குழு 2013-ல், எச்சத் துகள்களைக் கல்லீரல் வாங்கிக்கொள்ளத் தேவையான புரதமோ ஏற்பியோ இல்லாத இரண்டு வகை எலிகளைக் குளிரில் வைத்தது. இரத்தக் குழாய்களில் கொழுப்புப் படலம் கூடியது, அதுவும் உடைந்துபோகும் தன்மையோடு. இரண்டு வருடம் கழித்து நெதர்லாந்தின் லைடன் குழு, கல்லீரல் வாங்கும் வழி திறந்திருக்கும் எலிகளில் பழுப்புக் கொழுப்பை மருந்தால் தூண்டியபோது படலம் குறைந்தது. வழி மூடிய எலிகளில் அந்த நன்மை வரவில்லை. முதலில் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் முரண்பாடு என்றார்கள். எனக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை. அடுப்பில் தீ ஏறும்போது சாம்பலும் ஏறும், சாம்பலை அள்ளுகிற ஆள் இருந்தால் வீடு சுத்தம், இல்லாவிட்டால் வீடெல்லாம் சாம்பல். அள்ளுகிற ஆள் கல்லீரல்.

22 டிகிரி என்பதே எலிக்குக் குளிர்தான்

இதுவரை 4 டிகிரியைக் குளிர் என்றும் அறை வெப்பத்தைச் சாதாரணம் என்றும் பேசிக்கொண்டு வந்தோம். இந்தப் பேச்சே நம்முடைய தோலை வைத்துப் பேசுவது. சுண்டெலிக்கு, வெப்பம் உண்டாக்கக் கூடுதலாக எதுவும் செலவழிக்காமல் நிம்மதியாக இருக்கும் வெப்பநிலை சுமார் 30 டிகிரி. மின்விசிறி சுழலாத சென்னை ராத்திரிதான் அதற்குச் சுகம். உலகத்தின் பெரும்பாலான அனிமல் ஹவுஸ்கள் 20-லிருந்து 24-க்குள் இருக்கின்றன, சட்டைமேல் கோட்டுப் போட்டு வேலை செய்யும் மனிதர்களுக்கு வசதியாக. அதாவது எந்தப் பரிசோதனைக்கும் உட்படாத சும்மா இருக்கும் எலிகூட நாள் முழுக்க லேசான குளிரில் கிடந்து, கூடுதலாகத் தின்று, கூடுதலாக எரித்துக்கொண்டிருக்கிறது.

இதைக் கவனிக்காததற்குக் கொடுத்த விலை கொஞ்சமில்லை. 1997-ல் யு.சி.பி-1 நீக்கிய எலிகளை உண்டாக்கியபோது அவை குளிரில் தாங்கவில்லை, எதிர்பார்த்தது நடந்தது. ஆனால் அவை குண்டாகவில்லை, அது எதிர்பாராதது. சக்தியை விரயம் பண்ணும் ஓட்டையை அடைத்தால் மிச்சம் கொழுப்பாகச் சேரவேண்டாமா? பன்னிரண்டு வருடம் கழித்து 2009-ல் ஸ்டாக்ஹோம் குழு அதே எலிகளை 30 டிகிரிச் சூட்டில் வளர்த்தது, குண்டாகின. அறை வெப்பத்தில் அவை வேறு வழிகளில் வெப்பம் உண்டாக்கிச் சக்தியைச் செலவழித்துக்கொண்டிருந்ததால் மிச்சம் சேரவே இல்லை.

கல்லீரலுக்கு இதன் நேரடித் தொடர்ச்சி 2017-ல் சின்சினாட்டியிலிருந்து வந்தது. எலிகளில் ஃபேட்டி லிவர் நோயை, மனிதர்களுக்கு வருகிற மாதிரி வீக்கத்தோடு, வரவழைப்பது கடினம். கொழுப்புத் தீனி கொடுத்தாலும் கல்லீரல் கொழுக்கும், அதற்கு மேல் பெரிதாகப் போகாது, பெண் எலிகள் அதுகூட ஆகாமல் தப்பிக்கும். சின்சினாட்டி குழு அதே தீனியைக் கொடுத்துக் கூண்டுகளை மட்டும் 30 டிகிரிக்கு மேல் உள்ள அறைக்கு மாற்றியது. நோய் முற்றியது, பெண் எலிகளுக்கும் வந்தது. அப்படியானால் இத்தனை வருடமாக 22 டிகிரி அறைகளில் நாம் பார்த்துக்கொண்டிருந்தது, ஓயாத லேசான குளிரால் பாதி காப்பாற்றப்பட்ட கல்லீரல்களை. குளிர் கல்லீரலுக்கு நல்லது என்று ஒருவர் இதைப் படிக்கலாம். சூடு கெடுதல் என்று இன்னொருவர் படிக்கலாம். நம்மை எந்தப் பக்கம் வைப்பது? சட்டை போட்டு, போர்வை போர்த்தி, வீட்டுக்குள் வாழும் மனிதர்கள் பெரும்பாலும் 30 டிகிரி எலியின் பக்கம்தான் இருக்கிறோம். தவிர, 25 கிராம் உடம்பு வெப்பம் காக்க எரிக்கும் பங்கையும் 70 கிலோ உடம்பு எரிக்கும் பங்கையும் ஒன்றாக வைத்துப் பேச முடியாது. ஐந்து நிமிட ஐஸ் குளியல் இந்த எலிகள் வாரக்கணக்கில் வாழும் வாழ்க்கை இல்லை. கிழட்டு எலிக்கு ஒரு ஊசி கார்னிட்டைன் உதவியதை வைத்து ஜிம் கடையில் டப்பா வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: 2013-ல் வேறு எலிகளில், வாய்வழி போன கார்னிட்டைனைக் குடல் பாக்டீரியா வேறொன்றாக மாற்ற, இரத்தக் குழாய்ப் படலம் கூடியதும் உண்டு.

இந்த வெப்பநிலை விஷயத்தில் நானும் மாட்டியிருக்கிறேன். ஒரு தடவை குளிரறையில் பன்னிரண்டு கூண்டுகளில் ஒன்று மட்டும் மணிக்கு மணி மற்றவற்றைவிட ஒரு டிகிரி மேலேயே காட்டிக்கொண்டிருந்தது. இந்த எலியில் ஏதோ இருக்கிறது என்று நான் அதன் கல்லீரலைத் தனியாகக் குறியிட்டு எடுத்துவைக்கும் அளவுக்குப் போய்விட்டேன். கூண்டைக் கழுவப்போன அண்ணன்தான் கூப்பிட்டுக் காட்டினார். மரத்தூளுக்கு அடியில் ஒரு டிஷ்யூ பேப்பர் தங்கியிருந்திருக்கிறது, எலி அதை நார்நாராகக் கிழித்து உள்ளங்கை அளவுக்கு ஒரு கிண்ணம் கட்டி அதற்குள் உட்கார்ந்திருந்திருக்கிறது. மணிக்கொரு தடவை நான் வாலைப் பிடித்து வெளியே இழுத்ததில் என் கண்ணுக்கு அது படவே இல்லை. அந்த எலியின் எண்ணைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டோம்.

கடைசியாக, அடுப்பே இல்லாத ஒரு பிராணி

பன்றியை இங்கே கொண்டுவருவதற்குக் காரணம் இருக்கிறது. அதன் யு.சி.பி-1 மரபணு சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே உடைந்துவிட்டது, நடுவில் சில துண்டுகளே காணோம் என்று 2006-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வேலை செய்யும் பழுப்புக் கொழுப்பு கிடையாது. பிறக்கும்போது குட்டியின் உடம்பில் கொழுப்பு இரண்டு சதவீதம் தேறினால் பெரிது, கல்லீரலோ கொழுப்பு அமிலத்தைக் கீட்டோனாக மாற்றித் தருவதில் முதல் நாட்களில் ரொம்ப மந்தம். எலியில் பார்த்த மூன்றுமே, கொழுப்புக் கிடங்கு, கல்லீரல் என்ற தரகர், பழுப்புக் கொழுப்பு என்ற அடுப்பு, இங்கே ஒன்றுகூட உருப்படியாக இல்லை. கல்லீரலிலும் தசையிலும் இருக்கும் கிளைக்கோஜன்தான் கையிருப்பு, சீம்பால் குடிக்கும் வரைக்கும் அதை வைத்து நடுங்கியே சமாளிக்க வேண்டும். குட்டிக்குச் சுகமான வெப்பநிலை 34 டிகிரிக்குப் பக்கத்தில். பண்ணைகளில் குட்டிகளுக்கு மேலே விளக்கு தொங்குவது இதனால்தான், விளக்கு அணைந்த ராத்திரி காலையில் எத்தனை குட்டி நசுங்கிக் கிடக்கும் என்று பண்ணைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள், குளிர்ந்த குட்டி தாயின் வயிற்றோடு ஒட்டிப் படுத்து மந்தமாகி, தாய் புரளும்போது நகர முடியாமல் போய்விடும்.

காட்டில் விளக்கு இல்லை. காட்டுப்பன்றி என்ன செய்கிறது என்றால், ஈனுவதற்கு முன்னால் தாய் தனியாக ஒதுங்கி, தரையைப் பறித்துக் குழியாக்கி, புல்லையும் சருகையும் சுள்ளியையும் வாயால் கடித்து இழுத்துவந்து குவித்து, அதற்குள் புகுந்து ஈனுகிறது. மாடு, ஆடு, மான், குதிரை என்று குளம்புள்ள பிராணிகளில் வேறு எதுவும் இப்படிக் கூடு கட்டுவதில்லை. வீட்டுப் பன்றியும், சிமென்ட் தரையில் எதுவும் கிடைக்காவிட்டாலும், ஈனுவதற்கு முந்தின நாள் முன்காலால் தரையைப் பறித்துக்கொண்டே நிற்கும்.